கராத்தேயா, பொக்சிங்கா? – வாசகர் கேள்விகளுக்கு மாஸ்ரரின் பதில்கள்

சென்ற இதழில் யாரோ ஒரு தம்பி கேட்டாரென்று குத்துச்சண்டை பற்றி நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் ஒரு சொப்பிங் பை நிறைய. ஆசிரியர் பையை என் விறாந்தைக் கதிரையில் வைத்துவிட்டு, "மாஸ்ரர், இந்தமுறை முழங்கால் நோ, கிரிக்கெற் துடுப்பு எல்லாவற்றையும் விடுங்கோ. இதையே எழுதுங்கோ" என்றார். எழுபதைத் தொட்ட ஆளுக்கு வேறென்ன வேலை? கையெழுத்து விளங்கிய கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என் மகனுக்கு 13 வயது. இரண்டு வருடமாகக் கராத்தே வகுப்புக்குப் போய்ப் பச்சைப் பட்டி எடுத்துவிட்டான். இப்போது கூட்டாளிமாரோடு பொக்சிங் பழகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அது முரட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, அதில் பட்டியும் இல்லை, சான்றிதழும் இல்லை என்கிறார் அவனுடைய அப்பா. எது பிரயோசனம்?
– ஒரு தாய், சுன்னாகம்

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. பொக்சிங்கில் பட்டி இல்லை. சில மாதத்துக்கு ஒருமுறை சோதனை வைத்து, காசு கட்டி, நிறம் மாற்றுகிற ஏற்பாடும் இல்லை. நேற்று வந்தவனுக்கும் பத்து வருடம் பழகியவனுக்கும் ஒரே பெனியன்தான். யார் எவ்வளவு என்பது ரிங்குக்குள் ஏறிய அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நானும் கராத்தேயிலிருந்து போனவன்தான். ஊரில் இரண்டு வருடம், விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பி, வெறுங்காணியில் பனங்கொட்டை காலில் குத்தக் குத்தப் பழகினேன். கட்டா என்கிற அந்த அசைவு வரிசைகளைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். 1977 இல் எழுதுவினைஞர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனேன். கொட்டாஞ்சேனையில் அறை. அந்தத் தெருவிலேயே ஒரு பழைய மண்டபத்தில் பின்னேரங்களில் பொக்சிங் பழக்கினார்கள். பழக்கியவர் ஒரு பறங்கிக் கிழவர். ஒருநாள் உள்ளே போய், எனக்கும் சண்டை தெரியும் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருக்காத வயது.

கிழவர் ஒன்றும் பேசவில்லை. என் கையில் கிளவுஸைக் கட்டி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒரு பொடியனை எதிரே விட்டார். என் தோளளவு உயரம். மூன்று நிமிடம். நான் முறைப்படி காலை அகட்டி நின்றேன். அவனுடைய இடது கை வந்து மூக்கில் பட்டது. இதற்கு எந்தத் தடுப்பு என்று யோசித்து முடிக்குமுன் இன்னொருமுறை பட்டது. ஜப் என்பார்கள் அதை. கையை நேரே நீட்டி எடுக்கிற, பார்வைக்கு ஒன்றுமேயில்லாத குத்து. அதை மட்டும் இருபது தடவையாவது வாங்கியிருப்பேன். எனக்குத் தெரிந்த தடுப்புகளில் ஒன்றுகூட நேரத்துக்கு வரவில்லை. இரண்டாவது நிமிடத்தில் கை தூக்க ஏலாது, மூச்சு வாங்குகிறது, கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. (மூக்கில் பட்டால் கண்ணீர் தானாக வரும். அன்றைக்கும் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.)

கிழவர் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இந்தப் பொடியனுக்கு நாலு குத்துத்தான் தெரியும். ஆனால் அந்த நாலையும், அடிக்கவிடாமல் நிற்கிற ஆட்களுக்கு அடித்துத்தான் ஒவ்வொரு நாளும் பழகியிருக்கிறான்."

என்னைக் கேட்டால் பொக்சிங்கின் பெறுமதி முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. இதே விஷயத்தை ஜப்பானில் ஒருவர் முதலே கண்டுபிடித்திருந்தார். ஜிகோரோ கானோ. 1882 இல் ஜூடோவைத் தொடங்கும்போது, ஜுஜுட்சு என்கிற பழைய ஜப்பானிய மல்லுக் கலையில் இருந்த ஆபத்தான பிடிகளையும் அடிகளையும் பயிற்சிச் சண்டையிலிருந்து எடுத்துவிட்டார். ஆபத்தானதை எடுத்தபடியால் மீதியை மாணவர்கள் முழுப் பலத்தோடு, எதிர்த்து நிற்கிற ஆளோடு, தினமும் செய்ய முடிந்தது. குத்துச்சண்டைக்கும் இதுதான் நடந்தது. வெறுங்கைக் காலத்தில் ஆளைத் தூக்கி எறிவதெல்லாம் அதில் இருந்தது. 1867 இல் வந்த குயின்ஸ்பெரி விதிகள் கிளவுஸ் போடச் சொல்லி, மல்யுத்தப் பிடிகளை விலக்கி, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு என்று வைத்தன. ஆயுதம் குறைந்தது, இருந்ததை முழு வேகத்தில் பழக முடிந்தது. "எங்கள் கலை மிகவும் பயங்கரமானது, ஆளில் செய்து காட்ட முடியாது" என்று ஒரு மாஸ்ரர் சொன்னால் எனக்கு அவர் மேல் கோபம் வராது. ஆனால் அவருடைய மாணவனும் ஆளில் செய்து பார்த்ததில்லை என்பதுதானே அதன் பொருள்?

கராத்தே பொய் என்று சொல்லவில்லை. உடம்பில் முழுப் பலத்தோடு அடித்துப் பழகுகிற கியோகுஷின் போன்ற பிரிவுகள் இருக்கின்றன, அவர்களோடு விளையாடக்கூடாது. மற்றப் பிரிவுகளின் போட்டியில் அடியை அடக்குவதுதான் பாடம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஓகஸ்ட்டில், கனரக எடை இறுதிப் போட்டியில் சவூதி வீரர் தாரெக் ஹமெதி முன்னணியில் இருந்தபடி ஓர் உதை விட்டார். ஈரான் வீரர் சஜாத் கஞ்ஜாதே நினைவின்றி விழுந்தார். தங்கப் பதக்கம் யாருக்கு? விழுந்தவருக்கு. அடியை அடக்கவில்லை என்று உதைத்தவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். பொக்சிங்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அடியை அடக்கத் தெரிவது சின்ன விஷயமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

'முரட்டுப் பிள்ளைகள்' விஷயம். இலங்கையில் பாடசாலைக் குத்துச்சண்டைக்கு ஸ்டப்ஸ் கேடயம் என்று ஒன்று 1914 இலிருந்து இருக்கிறது. கொழும்பு, கண்டிப் பெரிய பாடசாலைகளின் கழுத்துப்பட்டி கட்டிய பிள்ளைகள் அதற்காக மூக்குடைபட்டிருக்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் 1904 இலேயே 'பெரும் போர்' என்கிற பாடசாலைக் கிரிக்கெற் ஆட்டம் தொடங்கிவிட்டது. இடம் முழுவதையும் துடுப்பும் பந்தும் பிடித்துக்கொண்டன. அதனால் பொக்சிங் என்றால் நமக்குப் படத்தில் வருகிற சண்டியன்தான்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. இரண்டு இடத்துக்கும் ஒரு பின்னேரம் போய் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து பாருங்கள். எந்த வகுப்பில் பிள்ளைகள் இருவர் இருவராக நின்று, மற்றவன் விட்டுக்கொடுக்காமல் பழகுகிறார்களோ, அங்கே விடுங்கள். பெயர் எதுவானாலும் சரி. பொக்சிங் என்றால் ஒரு நிபந்தனை: பதினைந்து வயது முடியும் வரை தலையில் குத்து வாங்குகிற பயிற்சி வேண்டாம். காரணத்தைக் கீழே ஒரு அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன்.

பொக்சரும் கராத்தேகாரரும் மோதினால் யார் வெல்வார்? பொக்சரும் மல்யுத்தக்காரரும் என்றால்? விடுதியில் ஒரு கிழமையாக இதே சண்டை.
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

தம்பி, நீர் சோதனைக்குப் படிக்கிற நேரத்தில் இது நடக்கிறதென்று உம்முடைய அம்மாவுக்குத் தெரியுமா?

சரி, நடந்தவற்றைச் சொல்கிறேன். 1976 ஜூன் மாதம், டோக்கியோ. அப்போது உலகச் சம்பியனாக இருந்த முகமது அலியும் ஜப்பான் மல்யுத்தக்காரர் அன்ரோனியோ இனோக்கியும் மோதினார்கள். உலகமே பார்த்தது. இனோக்கி மல்லாந்து படுத்துக்கொண்டார். படுத்தபடியே அலியின் காலில் உதைத்தார். பதினைந்து சுற்றும் இப்படியே. அலி விட்ட குத்துகள் பத்துக்கும் குறைவு. சண்டை சமநிலை. காசு கொடுத்துப் பார்த்தவர்கள் பொருட்களை எறிந்தார்கள். நகைச்சுவை என்று நினைப்பீர். அலியின் கால்கள் வீங்கி, இரத்தம் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. இடுப்புக்குக் கீழே வருகிற அடிக்கு உலகின் மிகச் சிறந்த பொக்சரிடமும் மருந்து இருக்கவில்லை.

அடுத்தது 1993 நவம்பர், அமெரிக்காவின் டென்வர். எந்தக் கலைக்காரரும் யாரோடும் மோதலாம் என்று தொடங்கிய யூஎஃப்சியின் முதலாவது போட்டி. ஆர்ட் ஜிமர்சன் என்ற பொக்சர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தார். பிரேசிலின் ஜுஜுட்சுக்காரர் ரொய்ஸ் கிரேசி அவரை விட எடை குறைந்தவர். கீழே விழுத்தி மேலே ஏறி இருந்தார். அவ்வளவுதான். கழுத்தை நெரிக்குமுன்பே பொக்சர் நிலத்தில் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2010 இல் பொக்சர் ஜேம்ஸ் டோனிக்கும் முதற்சுற்றிலேயே இதே கதி. விழுத்தியவர் ரண்டி கூச்சர்.

திருப்பியும் பார்க்க வேண்டும். 2017 இல் யூஎஃப்சி வீரர் கொனர் மக்கிரெகர் பொக்சிங் கிளவுஸ் போட்டுக்கொண்டு பொக்சர் மேவெதரிடம் போனார். பத்தாவது சுற்றில் மத்தியஸ்தர் நிறுத்தினார். யூஎஃப்சியில் ஆடிய ஃபிரான்சிஸ் எங்கானு 2023 இல் பொக்சர் டைசன் ஃபியூரியைக் குத்தி விழுத்தியே விட்டார், புள்ளியில்தான் தோற்றார். உலகமே வியந்தது. அடுத்த மார்ச்சில் இன்னொரு பொக்சர் அந்தனி ஜொஷுவாவிடம் இரண்டாவது சுற்றில் நினைவிழந்து விழுந்தார்.

இதை நான் பிள்ளைகளுக்கு ஊர் வீட்டை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். சண்டை ஒரு வீடு. உதைக்கிற தூரம் முற்றம். குத்துகிற தூரம் விறாந்தை. கட்டிப் பிடிக்கிற தூரம் வாசற்படி. நிலத்தில் உருள்வது உள் அறை. கராத்தேகாரரும் தேக்வொண்டோகாரரும் முற்றத்தில் பலம். ஜூடோகாரர் வாசற்படியில். கிரேசி போன்றவர்கள் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். பொக்சர் விறாந்தைக்கு ராசா. அறைக்குள் போனால் அவர் பிச்சைக்காரன்.

ஆனால் முற்றத்தில் நிற்கிறவர் அறைக்குள் போவதானால் விறாந்தையைத் தாண்டித்தானே போக வேண்டும்? இன்றைக்கு எம்எம்ஏ என்கிற கலப்புச் சண்டை ஆடுகிற எந்த வீரரை எடுத்தாலும், அவர் எந்தக் கலையில் தொடங்கியிருந்தாலும், கிழமையில் சில நாள் பொக்சிங் பழகுகிறார். தாய்லாந்தின் முவே தாய்க்காரரிடம் முழங்கால், முழங்கை எல்லாம் இருக்கிறது. கைக்கு அவர்களும் பொக்சிங்கிடம்தான் கடன் வாங்கினார்கள். உம்முடைய விடுதிச் சண்டைக்கு இது தீர்ப்பாகாது என்று தெரியும். தீர்ப்பு வந்துவிட்டால் நீங்களும் என்ன செய்வீர்கள், படிக்கவா போகிறீர்கள்?

வீதியில் யாராவது வம்புக்கு வந்தால் பொக்சிங் கைகொடுக்குமா?
– ஒருவர், குருநகர்

கொடுத்த கையைத் திருப்பி வாங்குவதுதான் கஷ்டம்.

1981 என்று நினைக்கிறேன். கொழும்பில் பஸ்சால் இறங்கும்போது ஒருவன் என் சட்டைப்பையில் கைவிட்டான். திரும்பி ஒரு வலது விட்டேன். நல்ல குத்து, ரிங்கில் விட்டிருந்தால் கிழவர் கைதட்டியிருப்பார். அவன் தலையைக் குனிந்துவிட்டான், முட்டி போய் நெற்றியில் பட்டது. அவன் ஓடிவிட்டான். எனக்குச் சின்னி விரலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு முறிந்தது. 'பொக்சர் முறிவு' என்றே அதற்குப் பெயர். பெரும்பாலும் பொக்சிங் தெரியாதவர்களுக்குத்தான் வருமாம், டொக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆறு கிழமை பிளாஸ்டர். எழுதுவினைஞருக்கு எழுத ஏலாது. மேலதிகாரி என்னை முத்திரை ஒட்ட விட்டார்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடித்திருப்பீர். கையில் பிடித்த தேங்காயால் மற்றவரின் தேங்காயை அடிக்க, எது வைரமோ அது நிற்கும், மற்றது பிளக்கும். மண்டையோடு போர்த்தேங்காய். நம்முடைய முட்டி கறிக்கு வாங்குகிற தேங்காய். கிளவுஸும் அதற்குள் சுற்றுகிற நாலரை மீற்றர்த் துணியும் முதலில் காப்பாற்றுவது குத்துகிறவனுடைய கையைத்தான், குத்து வாங்குகிறவனின் முகத்தை இல்லை.

வீதியில் பொக்சிங் தருகிற உதவி வேறு. ஒருவன் கையை ஓங்கும்போது கண்ணை மூடாமல் இருக்கலாம். தூரம் தெரியும். ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தால் அவன் கை எட்டாது என்று தெரியும். பிறகு, தினமும் கயிறடிக்கிற காலுக்கு ஓட்டம் நன்றாக வரும். இரண்டு பேர் வந்தாலோ, கையில் கத்தி இருந்தாலோ கடைசியாகச் சொன்னது மட்டும்தான் உதவும்.

சிலம்படியும் குத்துவரிசையும் நம் முன்னோர் தந்த கலைகள். அவை அழிந்துகொண்டிருக்க, நீங்கள் வெள்ளைக்காரனின் குத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது நியாயமா?
– ஓய்வுபெற்ற அதிபர், வட்டுக்கோட்டை

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டுமுறை வாசித்தேன். கோபம் நியாயமானதுதான்.

மல்லுக்கு நாம் யாரிடமும் கடன்பட்டவர்கள் அல்ல. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் ஒரு சோழன் ஆமூர் மல்லனோடு பொருகிறான். ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவனைப் பின்புறம் மடக்கி நிற்கிறான். மல்லுக்கட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரால்தான் அப்படிப் பாட முடியும். மேலே சொன்ன பிரேசில்காரர் இதை வாசித்தால் தலையாட்டுவார்.

சிலம்படி தெரிந்தவர் கையில் ஆளுயரக் கம்பு இருந்தால் நான் கிட்டப் போகமாட்டேன், எத்தனை குத்துத் தெரிந்திருந்தாலும். கால்வேலையும் தூரக்கணக்கும் அதில் இருப்பதுபோல் வேறெங்கும் நான் காணவில்லை. என் மனக்குறை ஒன்றுதான். கம்பு உடம்பில் எத்தனை தரம் பட்டது என்று எண்ணி வெற்றி தோல்வி சொல்கிற ஆட்டம் அதில் உண்டு. இங்கே நான் பார்ப்பதெல்லாம் கோயில் திருவிழாவிலும் இல்ல விளையாட்டுப் போட்டியிலும் தனியாகச் சுழற்றிக் காட்டுவது. கைதட்டல் கிடைக்கிறது. எதிரே ஆள் இல்லை. எதிராளியை எடுத்துவிட்டால் எந்தக் கலையும் கொஞ்சக் காலத்தில் நடனமாகிவிடும். பொக்சிங்கும் இப்போது சில ஜிம்களில் பாட்டுப் போட்டுக் கை வீசுகிற தேகப்பயிற்சியாகிவிட்டது. உங்களுக்குத் தெரிந்த சிலம்படி ஆசான் யாராவது இரண்டு பேரை எதிரெதிரே விட்டுப் பழக்குகிறார் என்றால் எழுதுங்கள். என்னிடம் வருகிற பொடியன்களைச் சனிக்கிழமைகளில் அனுப்பி வைக்கிறேன்.

இன்னொன்று. வெள்ளைக்காரன் குத்து என்றீர்கள். 1938 இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர் பார்னி ஹென்ரிகஸ், பறங்கியர், குத்துச்சண்டை வீரர். அவருடைய சமூகத்துக் கிழவர் ஒருவர்தான் எனக்கும் பழக்கினார். நான் அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து கிளித்தட்டோடு கலந்துவிட்டேன். கிளித்தட்டில் கோட்டின் மேல் காலைப் பின்னாமல் பக்கவாட்டில் ஓடி மறிக்கிற பிள்ளைக்கு நான் புதிதாகக் கால்வேலை சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பாதி வேலை முடிந்துதான் வருகிறார்கள்.

நான் பெண் பிள்ளை. உயர்தரம் எடுத்துவிட்டு இருக்கிறேன். பொக்சிங் பழக ஆசை. மூக்கு உடைந்தால் யார் கட்டுவான் என்று அம்மம்மா கேட்கிறா.
– பருத்தித்துறை

பிள்ளை, அம்மம்மாவிடம் சொல்லும்: மணிப்பூரின் மேரி கோம் 2018 இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் தங்கம் எடுத்தபோது மூன்று பிள்ளைகளின் தாய். மூக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த அரையிறுதியில் அவரோடு மோதியது நம் நாட்டு அனுஷா கொடிதுவக்கு, வெண்கலத்தோடு வந்தா. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் பொக்சிங் வந்ததே 2012 இல்தான். ஆண்களுக்கு 1904 இல் வந்தது. நூறு வருடத்துக்கு மேல் எல்லா நாட்டிலும் ஏதோவொரு அம்மம்மா மூக்கைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா.

போட்டிக்குப் போக விருப்பமில்லாவிட்டாலும் பழகலாம். பையில் குத்து, கயிறடி, கால்வேலை, பயிற்றுநர் கையில் பிடிக்கிற மெத்தையில் அடித்தல், இவற்றால் மூக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆண்கள் பிடித்து இழுக்கிற சந்தர்ப்பத்துக்குத்தான் பழகப் போகிறேன் என்று நீர் நினைத்தால், பொக்சிங்கோடு நிற்க வேண்டாம். கையைப் பிடித்தால், பின்னால் கட்டிப் பிடித்தால், கீழே தள்ளினால் என்ன செய்வது என்று பொக்சிங் ஒரு சொல்லும் சொல்லித்தராது. அதற்கு ஜூடோ அல்லது ஜுஜுட்சு வேண்டும். முதல் ஒரு வருடம் பொக்சிங், பிறகு அது. கிடைக்கிற இடத்தில் எது இருக்கிறதோ அதிலிருந்து தொடங்கும். எல்லாம் ஒரு ஒழுங்கையில் கிடைக்க இது கொழும்பு இல்லை.

தலையில் அடி விழுந்தால் மூளை பழுதாகும் என்கிறார்கள். முகமது அலியையே பாருங்கள். மகனை அனுப்பப் பயமாக இருக்கிறது.
– ஒரு அப்பா, கிளிநொச்சி

பயப்படுங்கள். இந்த ஒரு கேள்விக்கு நான் பொக்சிங்குக்காக வாதாட மாட்டேன்.

மூளை மண்டைக்குள் திரவத்தில் மிதக்கிறது. பக்கவாட்டில் ஒரு ஹூக், கையை வளைத்து விடுகிற குத்து, தாடையில் விழுந்தால் தலை சடாரென்று திரும்பும், மூளை பிந்தித் திரும்பும். அந்த முறுக்கில் நரம்பிழைகள் இழுபடும். தலைக்கவசம் போட்டாலும் இது நடக்கும். கவசம் வெட்டுக் காயத்தைத்தான் தடுக்கும். ரியோ 2016 இல் ஆண்கள் கவசமில்லாமலேயே ஆடினார்கள். அமெரிக்க மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட் 1928 இலேயே, பல வருடம் குத்து வாங்கிய வீரர்கள் வெறிகாரர் போலத் தள்ளாடுவதையும் பேச்சுக் குழறுவதையும் எழுதி வைத்தார். 1982 நவம்பரில் தென்கொரியாவின் டுக் கூ கிம் லாஸ் வேகாஸில் பதினான்காவது சுற்றில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் தொழில்முறைச் சம்பியன் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைந்தன. அலிக்கு வந்தது பார்க்கின்சன். அது குத்துகளால் மட்டும் வந்தது என்று மருத்துவர்கள் அறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் 1996 இல் அட்லாண்டாவில் அந்தக் கை நடுங்க நடுங்கத் தீபம் ஏற்றியதை ரிவியில் பார்த்த பொக்சிங்காரர் எவருக்கும் அன்று இரவு சோறு இறங்கியிருக்காது.

மற்றக் கலைகளிலும் தலை அடிபடும். தேக்வொண்டோவில் தலைக்கு உதைக்கிறார்கள், ஜூடோவில் நிலத்தில் விழுகிறார்கள். ஆனாலும் அங்கே அது வழியில் வருகிற விபத்து. பொக்சிங்கில் தலைதான் இலக்கு. இதை மறைத்துப் பேசுகிற பயிற்றுநரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குத் தலைக்குக் குத்தே இல்லை; நெஞ்சிலும் தோளிலும் தொட்டுப் பழகுவார்கள். பெரியவர்களுக்குக் கிழமைக்கு ஒருநாள், 16 அவுன்ஸ் கிளவுஸ், அரை வேகம். யாருக்காவது தலை சுற்றியது, வாந்தி வந்தது, பேச்சு மாறியது என்றால் அன்றே நிறுத்தம், டொக்டர் சொல்லும் வரை ரிங் பக்கம் வர முடியாது. தலையில் வாங்கி நொக்கவுட் ஆனவரை ஒரு மாதமாவது வெளியே வைக்க வேண்டும் என்று அமெச்சூர் போட்டி விதியும் இருக்கிறது. இப்படி வைத்தால் நல்ல சம்பியன் வரமாட்டான் என்று ஒரு நண்பர் என்னோடு சண்டை பிடிப்பார். வராவிட்டால் போகட்டும்.

எனக்கு ஒரு கவலை உண்டு. அறுபத்துமூன்று வயதில் மழை நாளில் சைக்கிளால் வழுக்கி விழுந்து, கையை ஊன்றி, மணிக்கட்டை முறித்தேன். நாற்பது வருடம் பொக்சிங் பழகியும் விழத் தெரியவில்லை. ஜூடோவில் முதல் மாதம் முழுக்க விழத்தான் பழக்குவார்கள். உங்கள் மகனுக்கு இரண்டும் கிடைத்தால், முதலில் அங்கே அனுப்புங்கள். நான் கோபிக்கமாட்டேன்.

வீட்டில் தனியாகப் பழகப் பை ஒன்று கட்டலாமா? உரப்பையில் மணல் நிரப்பினால் போதுமா?
– ஒரு தம்பி, நாவாந்துறை

மணல் வேண்டாம். இரண்டு நாளில் எல்லாம் அடியில் இறங்கி இறுகிக் கல்லாகிவிடும், மழை பட்டால் சொல்லவே வேண்டாம். உரப்பை சரி, அதற்குள் பழைய சாரம், கிழிந்த சீலை, பெட்சீற்றுத் துண்டுகளை இறுக்கி அடையும். பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் கிளவுஸே இலவம்பஞ்சும் பழந்துணியும் வைத்துத் தைத்தோம். கைக்குத் துணி சுற்றாமல் ஒரு குத்தும் விடாதேயும். மூன்று நிமிடம் குத்தி, ஒரு நிமிடம் ஓய்வு. அப்படி மூன்று சுற்று முடிக்க முடிகிறதா என்று பாரும். முடியாது. முதல் மாதம் யாருக்கும் முடியாது.

வேப்பங்கொப்பில் கட்டும், முருங்கையில் கட்டிவிடாதேயும், ஒரே நாளில் முறியும். பக்கத்து வீட்டுக்கும் முதலே சொல்லி வையும். நான் முதன்முதலாக எங்கள் வளவில் பை கட்டி விடியப்புறம் நாலரைக்குக் குத்தத் தொடங்கிய அன்று, பக்கத்து வீட்டு ஆச்சி அரிக்கன் லாம்பும் உலக்கையுமாக வேலிக்கு வந்துவிட்டா. கலியாணமாகி மூன்று மாதம்தான். நான் மனைவிக்கு அடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறா. சத்தம் கேட்டு மனைவி தேத்தண்ணீரோடு வெளியே வந்ததால் தப்பினேன். ஆச்சி உலக்கையை உடனே கீழே வைக்கவில்லை.